மழை மாதத்துக்கு ‘நீரில்லா மாதம்’ என்று பெயரா? ஜப்பானின் பழைய மாதப் பெயர்கள்

#1 தேனிக்காரன்

வணக்கம். ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். மாதங்களுக்கு அங்கே தனிப் பெயரே கிடையாது, ஒன்றாம் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணிக்கொண்டே போவார்கள்: இச்சிகாட்சு, நிகாட்சு, சான்காட்சு. படிக்கிறவனுக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வகுப்பில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ஜூன் தாளில் குடை, தவளை, மழையில் நனைந்த பூக்கள் என்று படம் போட்டு, கீழே ‘மினாஸுகி’ என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்துகளைத் தனித்தனியாகப் படித்தால் நீர், இல்லை, மாதம். ஜப்பானில் ஜூன் என்றாலே ‘ட்சுயு’ மழைக்காலம். துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும் என்று அவர்களே புலம்புகிறார்கள். அந்த மாதத்துக்கா இந்தப் பெயர்?

ஆசிரியரிடம் கேட்டேன். “அது பழைய பெயர்” என்று சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பன்னிரண்டு பெயரையும் யாராவது போட்டால் புண்ணியமாகப் போகும்.

#2 நிலாமுற்றம்

பெயர்களை முதலில் வரிசையாகப் போட்டுவிடுகிறேன் தம்பி: முட்சுகி, கிசராகி, யயோய், உஸுகி, சட்சுகி, மினாஸுகி, ஃபுமிஸுகி, ஹாஸுகி, நாகட்சுகி, கன்னாஸுகி, ஷிமோட்சுகி, ஷிவாசு.

பொருள் என்று சொல்லப்படுபவற்றைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கதை உண்டு. முட்சுகியில் உறவினர் கூடி அன்போடு இருப்பார்கள். கிசராகியில் குளிர் திரும்பி வந்து துணிமேல் துணி போட வைக்கும். யயோயில் செடிகொடிகள் தழைக்கும். உஸுகி, ‘உ நோ ஹானா’ என்ற வெள்ளைப் பூ பூக்கும் மாதம். சட்சுகி நாற்று நடும் மாதம். இது ஓரளவு உறுதியாகத் தெரிகிறது, ஏனென்றால் நெல் நாற்றுக்கு ‘சானாயே’, நடவு நடும் பெண்களுக்கு ‘சாவோதொமே’ என்று அதே ‘சா’ வருகிறது. நாகட்சுகியில் இரவு நீளும், ஷிமோட்சுகியில் உறைபனி விழும்.

இனி உங்கள் மினாஸுகி. நடுவில் இருக்கும் ‘ந’தான் குழப்பம். பழைய ஜப்பானியத்தில் ‘இல்லை’க்கும் ‘ந’, நம்முடைய ‘உடைய’ போன்ற உருபுக்கும் ‘ந’. உருபாக எடுத்தால் ‘நீரின் மாதம்’, அதாவது ஆற்றையும் ஓடையையும் வயலுக்குத் திருப்பிவிட்டு, வயல் நிறையத் தண்ணீர் நிற்கும் மாதம். ‘இல்லை’ என்ற எழுத்தைப் பின்னால் வந்தவர்கள் ஒலிக்காகப் போட்டார்கள் என்பதுதான் இன்று அகராதிகளில் அதிகம் காணப்படும் விளக்கம்.

#3 கணக்குப்பிள்ளை

அக்கா சொன்ன ‘ந’ விளக்கம் இருக்கட்டும். அது இல்லாமலேயே தம்பியின் புதிர் பாதி அவிழ்ந்துவிடும். மினாஸுகி என்பது ஜூனே கிடையாது.

ஜப்பானில் பழையது நிலவையும் சூரியனையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. அமாவாசைதான் மாதத்தின் முதல் நாள். மாதத்துக்கு 29 அல்லது 30 நாள், பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள். குறைவதை ஈடுகட்ட 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் செருகுவார்கள். ஆண்டு பிறப்பது நம் கணக்கில் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை எங்காவது விழும். முதல் மூன்று மாதம் இளவேனில், அடுத்த மூன்று கோடை, அப்புறம் இலையுதிர் காலம், கடைசியில் குளிர். இந்த வரிசைக்காக வந்த பெயர்கள் இவை.

1873-இல் அரசு சூரிய நாட்காட்டிக்கு மாறியது. அப்போது ஆறாம் மாதத்தின் பெயரைத் தூக்கி அப்படியே ஜூன்மேல் ஒட்டிவிட்டார்கள். பழைய ஆறாம் மாதம் பெரும்பாலும் ஜூலையில் தொடங்கி ஆகஸ்டுக்குள் போகும். அப்போது ட்சுயு முடிந்து வெயில் மண்டையைப் பிளக்கும். நீரில்லா மாதம் என்றால் சரியாகத்தானே இருக்கிறது?

ஒரு மாதம் முன்னே பின்னே நகர்ந்த இந்தக் குளறுபடி ஜப்பானியப் பண்பாட்டில் எல்லா இடத்திலும் கிடக்கிறது. ஜனவரி குளிரில் அனுப்பும் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் இன்றைக்கும் ‘இளவேனிலை வரவேற்போம்’ என்று அச்சடிக்கிறார்கள்.

#4 பழையசோறு

>> 1873-இல் அரசு சூரிய நாட்காட்டிக்கு மாறியது

அந்த வருஷ டிசம்பருக்கு இரண்டே நாள்தான் என்று எங்கோ படித்த ஞாபகம். உண்மையா சார்? சம்பளம் கொடுத்தார்களா?

#5 கணக்குப்பிள்ளை

நீங்கள் கிண்டலாகக் கேட்டாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். மாற்றத்தின் பின்னால் இருந்ததே சம்பளம்தான்.

மெய்ஜி பேரரசர் ஆட்சியின் ஆண்டுக் கணக்கில் மெய்ஜி 5-ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம் 2-ஆம் தேதிக்கு மறுநாள் மெய்ஜி 6, ஜனவரி 1. அறிவிப்பு வந்தது பதினோராம் மாதம் 9-ஆம் தேதி. இடையில் ஒரு மாதம்கூட இல்லை. அடுத்த ஆண்டுக்கான பழைய நாட்காட்டிகளை அச்சடித்து விற்கத் தொடங்கியிருந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

மேற்கு நாடுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு அவசரம் எதற்கு? அப்போதுதான் அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் என்ற முறைக்கு வந்திருந்தார்கள். கஜானாவோ காலி. பழைய கணக்குப்படி மெய்ஜி 6-இல் கூடுதல் மாதம் வருகிறது, ஆகவே 13 சம்பளம். சூரியக் கணக்குக்கு மாறினால் 12. இரண்டு நாளில் முடிந்த டிசம்பருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆக இரண்டு மாதச் சம்பளம் மிச்சம். அன்று நிதிப் பொறுப்புகளில் முக்கியமாக இருந்த ஒகுமா ஷிகெநொபு இதைத் தன் நினைவுகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பின்னாளில் பிரதமரானவர் அவர்.

குழம்பிய மக்களுக்கு விளக்க ஃபுகுஸாவா யுகிச்சி என்ற சிந்தனையாளர் ஒரு சிறு நூல் எழுதினார். அது சக்கைப்போடு போட்டது.

#6 பழையசோறு

அரசு ஊழியன் என்ற முறையில் 150 வருஷம் கழித்து என் கண்டனத்தைப் பதிவு செய்கிறேன்.

#7 கியோத்தோவாசி

மினாஸுகி என்று கேட்டால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மாதம் இல்லை, இனிப்பு. நான் கியோத்தோவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். ஜூன் பிறந்ததும் எல்லா இனிப்புக் கடையிலும் ‘மினாஸுகி’ என்று பலகை தொங்கும். அரிசி மாவும் சர்க்கரையும் கரைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளைப் பலகை, அதன் தலையில் நெருக்கமாக அஸுகி என்ற சிவப்புப் பயறு. முக்கோணமாக வெட்டித் தருவார்கள். தொட்டால் கையில் ஒட்டும், மென்றால் கொழுக்கட்டை மேல்மாவுபோல இழுக்கும். இனிப்பு குறைவுதான், நம்ம ஊர் நாக்குக்குச் சப்பென்றே இருக்கும்.

வெள்ளை முக்கோணம் பனிக்கட்டித் துண்டு. பழைய கணக்கில் ஆறாம் மாதம் முதல் நாள், மலைப்பக்கக் குழிகளில் குளிர்காலத்தில் சேர்த்து வைத்த பனிக்கட்டியை எடுத்து வந்து அரண்மனையில் சாப்பிடுவார்களாம். சாதாரண சனம் பனிக்கட்டிக்கு எங்கே போகும்? அதனால் பனிக்கட்டி போலவே ஒரு பண்டம் செய்துகொண்டார்கள் என்று கதை. சிவப்புப் பயறு தீயதை விரட்டும்.

அதைச் சாப்பிடும் நாள் ஜூன் 30. ஆண்டில் பாதி முடிகிறது, அதுவரை சேர்ந்த அழுக்கைக் கழிக்க வேண்டும். கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வளையம் கட்டி வைப்பார்கள், நம் தருப்பையைப் போன்ற புல்லால். அதற்குள் நுழைந்து இடப்பக்கம் சுற்றி, திரும்ப நுழைந்து வலப்பக்கம் சுற்றி, மறுபடி இடம் என்று எட்டுப் போட்டு வர வேண்டும். ‘மினாஸுகியில் இந்தக் கழிப்பைச் செய்பவர் ஆயுள் ஆயிரம் ஆண்டு நீளும்’ என்று ஒரு பழம்பாட்டைச் சொல்லிக்கொண்டே சுற்றுவார்கள். கணக்குப்பிள்ளை சார் சொன்ன ஒட்டுவேலை அங்கே நன்றாகத் தெரியும்: கோடையைத் தாண்டும் சடங்கு, ஆனால் கோடை இன்னும் வரவே இல்லை, எல்லோர் கையிலும் குடை.

#8 தேனிக்காரன்

அருமை. ஆனால் இப்போது எனக்கு இரண்டு விடை இருக்கிறது. அக்கா கணக்கில் ‘நீரின் மாதம்’, சார் கணக்கில் உண்மையிலேயே நீரில்லாத மாதம். எதை எடுத்துக்கொள்வது?

#9 நிலாமுற்றம்

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மொழியியலார் உருபுப் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் அந்த மாதத்தை வறட்சியோடும் வெயிலோடும் சேர்த்து நினைத்தது மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷு பாடல் தொகையின் பத்தாம் பகுதியில், பெயர் தெரியாத ஒருவர் பாடிய காதல் பாட்டு இருக்கிறது. சுமாராக இப்படிச் சொல்லலாம்:

மண்ணும் பிளக்க எரிக்கிற
மினாஸுகி வெயிலிலும்
காயுமோ என் சட்டைக் கை,
உன்னைக் காணாமல்?

கண்ணீரைத் துடைத்துத் துடைத்து நனைந்த கை. நிலம் வெடிக்கிற வெயிலாலும் அதைக் காயவைக்க முடியவில்லை என்கிறார். மூலத்தில் ‘ஆறாம் மாதம்’ என்ற எழுத்துகள்தான் இருக்கின்றன, வாசிப்பதுதான் மினாஸுகி. ஆகவே பெயரின் வேரை இந்தப் பாட்டு தீர்த்து வைக்காது. ஆனால் அந்த மாதம் பாடியவர் மனதில் எப்படி இருந்தது என்று காட்டிவிடுகிறது.

இதே ‘ந’ பத்தாம் மாதமான கன்னாஸுகியிலும் உண்டு. ‘கடவுளின் மாதம்’ என்றும் பிரிக்கலாம், ‘கடவுள் இல்லாத மாதம்’ என்றும் பிரிக்கலாம். மக்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, ‘இங்கே இல்லையென்றால் எங்கே போனார்கள்?’ என்று கேட்டு, மேற்குக் கரையில் இருக்கும் இஸுமோவுக்கு எல்லாக் கடவுள்களையும் அனுப்பிவிட்டார்கள்.

#10 வேர்ச்சொல்

இவ்வளவு பேசியும் யாரும் தமிழ்த் தொடர்பை எடுக்கவில்லையே! பேராசிரியர் ஓனோ சுசுமு ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாழ்நாளின் பின்பாதி முழுக்க வாதாடினார். நெல், உலோகம் எல்லாம் வந்த யயோய் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மொழியும் போனது என்றார். பாருங்கள், அந்தக் காலத்தின் பெயரே ஒரு மாதப் பெயர்! ஜனவரி 15 அவர்களுக்குச் ‘சிறு புத்தாண்டு’. அன்று சிவப்புப் பயறு போட்ட கஞ்சி வைக்கிறார்கள். வடகிழக்குப் பகுதியில் காக்கைக்குச் சோறு வைத்து ‘ஹொங்கா ஹொங்கா’ என்று கூவும் வழக்கத்தை ஓனோ பொங்கலோடு ஒப்பிட்டுக் காட்டினார். தேதி, அரிசி, காக்கை, கூவல், நான்கும் ஒன்றாக அமைவது தற்செயலா?

#11 கணக்குப்பிள்ளை

ஓனோ தமிழ்மீது வைத்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. மொழி உறவு என்ற அளவில் அவர் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். நாட்காட்டி என் துறை, அதில் மட்டும் இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, யயோய் காலத்துக்கு அந்தப் பெயர் மாதத்திலிருந்து நேராக வரவில்லை. டோக்கியோவில் யயோய் என்ற பேட்டையில் 1884-இல் ஒரு பானை கிடைத்தது. பேட்டையின் பெயர் பானைக்கு, பானையின் பெயர் காலத்துக்கு. அந்தப் பேட்டைக்குப் பெயர் வந்ததே 1828-இல் அங்கே வைத்த கல்வெட்டுப் பாட்டில் யயோய் மாதம் என்று இருந்ததால்தான். ஈராயிரம் ஆண்டுக்கு முன் நெல் நட்டவர்களுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது, தேதி. சிறு புத்தாண்டு ஜனவரி 15-க்கு வந்ததே 1873-க்குப் பிறகுதான். அதற்கு முன் அது முதல் மாதத்தின் பதினைந்தாம் நாள், அதாவது ஆண்டின் முதல் முழுநிலா. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை எங்கும் விழும். நம் தைப்பொங்கலோ சூரியன் மகரத்தில் நுழையும் நாள், நிலாவைப் பார்ப்பதே இல்லை. உண்மையில் அந்த முழுநிலா சில ஆண்டு தைப்பூசத்தோடும் சில ஆண்டு மாசிமகத்தோடும்தான் சேரும். 2024-இல் மாசிமகத்தோடு சேர்ந்தது. ஆகத் தேதி ஒற்றுமையை உண்டாக்கியது சோழரும் இல்லை, பாண்டியரும் இல்லை. சம்பளத்தை மிச்சம் பிடித்த மெய்ஜி அரசு.

#12 வேர்ச்சொல்

தேதியை விட்டுவிடுகிறேன் ஐயா. காக்கையும் கூவலும் அப்படியே நிற்கின்றன. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

#13 மட்டுறுத்துநர்

ஓனோ பற்றி மொழியியல் பகுதியில் ஏற்கெனவே பெரிய இழை ஓடிக்கொண்டிருக்கிறது. காக்கையை அங்கே அழைத்துச் செல்லவும். இங்கே மாதங்கள் தொடரட்டும்.

#14 நிலாமுற்றம்

கிசராகி பற்றி யாரும் பேசவில்லை. இந்த நாட்காட்டிக் கலப்பில் என்னை அதிகம் தடுமாற வைத்தது அதுதான். சைக்யோ என்ற துறவி, கவிஞர், 1118 முதல் 1190 வரை வாழ்ந்தவர். அவருடைய புகழ்பெற்ற பாட்டு ஒன்று, ‘பூக்களின் அடியில் இளவேனிலில் சாக வேண்டும், அந்தக் கிசராகி முழுநிலா நேரத்தில்’ என்று கேட்கிறது. பூ என்றால் செர்ரிப்பூ. கிசராகியைப் பிப்ரவரி என்று எடுத்துக்கொண்டு படித்தால் பாட்டு விளங்கவே விளங்காது. பிப்ரவரியில் ஏது செர்ரிப்பூ? பழைய இரண்டாம் மாதத்தின் நடுப்பகுதி மார்ச் கடைசிக்கு வரும், அப்போது பொருந்தும்.

அந்த முழுநிலா நாள் புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளாக ஜப்பானில் கொண்டாடப்படுவது. துறவி அதைக் கேட்டதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், பாடிப் பல ஆண்டு கழித்து அவர் இறந்தது இரண்டாம் மாதம் 16-ஆம் நாள். அன்றைய கவிஞர்கள் அசந்துபோய் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹைக்கூ கவிஞர் பாஷோவின் மொகாமி ஆற்றுப் பாட்டிலும் இதே சிக்கல். ‘சமிதாரே மழையைத் திரட்டி விரைகிறது ஆறு’ என்கிறார். ஐந்தாம் மாத மழை என்று எழுதுவார்கள், ஆனால் அது மே மழை இல்லை, ட்சுயு மழை.

#15 கியோத்தோவாசி

இன்னொன்று, 47 சாமுராய்கள் தலைவனுக்காகப் பழிவாங்கிய கதை. படத்திலும் நாடகத்திலும் பனி கொட்டிக் கிடக்கும். நடந்தது கென்ரோகு என்ற ஆட்சிக்காலத்தின் 15-ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம் 14. மேற்குக் கணக்கில் அது 1703 ஜனவரி 30, பனி இருந்ததில் அதிசயமில்லை. ஆனால் டோக்கியோ செங்காகுஜி கோயிலில் நினைவு விழா டிசம்பர் 14-இல் நடக்கிறது. டோக்கியோவில் அந்த வாரம் பனியைப் பார்ப்பது குதிரைக்கொம்பு.

நான் பார்த்தவரை மாற்றத்துக்குப் பிறகு விழாக்கள் மூன்று வழியாகப் பிரிந்து போயின. சிலது எண்ணைப் பிடித்துக்கொண்டது: ஏழாம் மாதம் ஏழாம் நாள் என்ற தனபாத்தா இப்போது ஜூலை 7. வானத்து இருவர் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இரவு, பெரும்பாலும் மேகமும் மழையும்தான். சிலது ஒரு மாதம் தள்ளிக்கொண்டது: செந்தாய் நகரத் தனபாத்தா ஆகஸ்ட் 6 முதல் 8 வரை, முன்னோர்க்கான போன் பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் நடுவில். நிலாவை விட முடியாதவை நிலாவோடே இருந்துவிட்டன. எட்டாம் மாத முழுநிலா பார்ப்பதை எந்த அரசு ஆணையாலும் தேய்பிறைக்கு மாற்ற முடியாதே. ஒகினாவா பக்கம் போனால் பல சடங்குகள் இன்றும் பழைய கணக்கில்தான்.

#16 பழையசோறு

‘சட்சுகி ஷோ’ என்று பெரிய குதிரைப் பந்தயம் உண்டு. சட்சுகி என்றால் ஐந்தாம் மாதம். பந்தயம் நடப்பது ஏப்ரலில். பழைய கணக்குக்கும் பொருந்தாது, புதிய கணக்குக்கும் பொருந்தாது.

அப்புறம் ஜப்பானியக் கடற்படை ‘முட்சுகி’ வகை என்று 12 நாசகாரிக் கப்பல் கட்டியது. அதில் 8-க்கு நம் மாதப் பெயர்கள். நாற்று நடுவதும் உறவினர் கூடுவதும் பொருளாக இருக்கும் பெயர்களை டார்பிடோ ஏற்றிய கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள். கிசராகி 1941 டிசம்பரிலேயே வேக் தீவருகே மூழ்கியது.

#17 தேனிக்காரன்

இந்தப் பெயர்களில் எதையாவது பேச்சில் இன்னும் பயன்படுத்துகிறார்களா, இல்லை எல்லாம் நாட்காட்டி அலங்காரம்தானா?

#18 கியோத்தோவாசி

யயோய், சட்சுகி, ஹாஸுகி எல்லாம் பெண்களின் பெயர்களாக நன்றாகவே உயிரோடு இருக்கின்றன. மாதம் என்ற பொருளில் புழங்குவது ஷிவாசு ஒன்றுதான் என்பேன். டிசம்பர் வந்தால் செய்தி வாசிப்பவரும் சொல்வார், காய்கறிக் கடைக்காரரும் சொல்வார். ‘குருமார் ஓடுகிறார்கள்’ என்று எழுதுகிறார்கள்: வருடக் கடைசியில் வீடு வீடாக ஓதப் போகும் துறவிகூட ஓட வேண்டியிருக்கிறதாம். 12-ஆம் நூற்றாண்டிலேயே இந்த விளக்கம் இருந்தது, ஆனால் ஒலிக்கு எழுத்தைப் பொருத்திச் சொன்ன கதை என்றே சொல்கிறார்கள். எப்படியோ, இந்தப் பெயர் மட்டும் பிழைத்ததற்கு நான் நினைக்கும் காரணம், இது வானிலையைச் சொல்லவில்லை. கணக்கு மூடுவதும் வீடு துடைப்பதும் எந்த நாட்காட்டியிலும் வருடக் கடைசியில்தானே வரும்?

#19 தேனிக்காரன்

நன்றி. கடைசியாக ஒன்று. அக்டோபரில் ஜப்பான் வருகிறேன். கடவுள்கள் எல்லாம் இஸுமோவில் கூடுகிறார்கள் என்றால் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எந்தத் தேதிக்கு அறை பிடிக்கலாம்?

#20 நிலாமுற்றம்

கியோத்தோவாசி வந்து தேதி சொல்வதற்குள் ஒரு கொசுறு. கென்கோ என்ற துறவி 14-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்: பத்தாம் மாதத்துக்குக் கடவுள் இல்லாத மாதம் என்று பெயர் வந்ததற்கு நூல் ஆதாரமே இல்லை, இசே கோயிலில் கூடுகிறார்கள் என்று சிலர் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை என்று. கவனியுங்கள், அவர் காதில் விழுந்தது இசே. ஆனால் அவருக்கு முன்பே 12-ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ கியோசுகே என்ற கவிஞர் இஸுமோ என்றுதான் எழுதி வைத்திருக்கிறார். இஸுமோ கதை ஊர் ஊராகப் பரவியதில் அந்தக் கோயிலின் யாத்திரை முகவர்களுக்குப் பெரிய பங்கு என்பார்கள். வீட்டைக் காவல் காக்க எபிசு சாமி மட்டும் தங்கிவிடுவார். சுவா ஊர்ச் சாமியும் போகமாட்டார், நாக வடிவம் அவ்வளவு நீளமாம்.

#21 கியோத்தோவாசி

தம்பி, அக்டோபரில் அறை போடாதீர்கள். இஸுமோவில் அந்த மாதத்துக்குப் பெயர் கமியாரிஸுகி, கடவுள் இருக்கும் மாதம். அது இன்றும் பழைய கணக்கில்தான் நடக்கிறது. பத்தாம் மாதம் 10-ஆம் நாள் இரவு இனாசா கடற்கரையில் தீ மூட்டி வரவேற்பார்கள். 2023-இல் அது நவம்பர் 22, 2024-இல் நவம்பர் 10. ஆண்டுதோறும் மாறும், கோயில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுள்களுக்கு வழிகாட்டி வருவது ஒரு கடற்பாம்பு. மஞ்சள் வயிறு, கறுப்பு முதுகு. குளிர்காலக் காற்று தொடங்கும்போது உண்மையிலேயே அந்தக் கரையில் ஒதுங்கும். கோயிலில் பிரதான சன்னதிக்கு இருபக்கமும் நீளமான இரண்டு மரக் கட்டடம், ஒவ்வொன்றிலும் 19 கதவு. கடவுள்களின் விடுதி அதுதான், மற்ற மாதங்களில் பூட்டியே இருக்கும். யாருக்கு யாரோடு முடிச்சு என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்களாம், அதனால் கல்யாண வேண்டுதலோடு வருகிறவர்கள் அதிகம். உள்ளூர்க்காரர்கள் அந்த ஒரு வாரம் பாட்டு, கட்டட வேலை எல்லாம் தவிர்த்துச் சத்தமில்லாமல் இருப்பார்கள். 17-ஆம் நாள் பூசகர் வாயில் கதவை மூன்று முறை தட்டி, ‘கிளம்புகிறார்கள்’ என்று குரல் கொடுப்பார்.

டோக்கியோவிலிருந்து ‘சன்ரைஸ் இஸுமோ’ என்று இரவு ரயில் நேராகப் போகிறது. அந்த வாரத்துக்குப் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் மட்சுவேயில் தங்கிக்கொள்ளலாம். நல்ல சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கடற்காற்று சும்மா விடாது.